இரண்டரைக் கட்டை: யாழ்ப்பாணத்தில் ஐந்து நாள்

முதல் நாள்

மார்கழியில் சென்னைக்கு வருவார்கள். சென்னையை விட்டு யாரும் போக மாட்டார்கள். எங்கெங்கிருந்தோ ஆட்கள் கச்சேரி கேட்க மயிலாப்பூரில் வந்து இறங்குகிற வாரத்தில், நான் ஆல்டோ சாக்ஸபோன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு யாழ்ப்பாணத்துப் பலாலிக்கு விமானம் ஏறினேன். "சபா கேன்டீனைக்கூட விட்டுட்டுப் போறியா?" என்று அண்ணன் கேட்டான். அவன் கச்சேரிக்குள் போய்ப் பத்து வருடம் இருக்கும்.

சின்ன விமானம். பெட்டி மேலே உள்ள தட்டில் நுழையவில்லை, கீழே சாமான்களோடு போட்டுவிட்டார்கள். ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. முதலில் கடல், அப்புறம் பனை, அப்புறம் செம்மண். இறங்கியதும் சுங்கத்தில் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். உள்ளே பார்த்த அதிகாரிக்கு முகமெல்லாம் சிரிப்பு. "உது வாசிப்பியளோ? ஒண்டு வாசிச்சுக் காட்டுங்கோ பாப்பம்."

வாசித்தேன். வாத்து கத்தியது. கீழ் ஸ்தாயியில் எந்த ஸ்வரத்தைப் பிடித்தாலும் மேல் ஸ்தாயிக்குத் தாவி உடைகிறது. பார்த்தால் ஸ்தாயி மாற்றுகிற விசையான ஆக்டேவ் கீயின் கம்பி வளைந்து, மேலே உள்ள சின்ன மூடி சரியாக மூடாமல் வாயைப் பிளந்துகொண்டிருக்கிறது. பெட்டிக்குள் துணி அடைத்து வைக்காத புண்ணியவான் நான்தான். அதிகாரி பெருந்தன்மையாகத் தலையை ஆட்டி, "பழகப் பழக வரும்" என்றார். முப்பது வருடமாகப் பழகுகிறேன் என்று அவரிடம் சொல்லவில்லை.

எதற்கு யாழ்ப்பாணம் என்று சொல்லிவிடுகிறேன். ஜாஸும் நம் சங்கீதமும் கலந்த கதையை எங்கே தொடங்கினாலும் அது சக்தி குழுவுக்கு வந்து சேரும். 1975இல் நியூயார்க் பக்கம் ஒரு கல்லூரியில் ஜான் மக்லாக்லின் கிட்டாரோடு சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கூட வயலின் எல். சங்கர், தபலா சாகிர் உசேன், கடம் விக்கு விநாயக்ராம், மிருதங்கம் ராகவன். அன்றைய பதிவுதான் மறு ஆண்டு முதல் இசைத்தட்டாக வந்தது. இதில் சங்கர் பிறந்தது சென்னை, வளர்ந்தது யாழ்ப்பாணம். பின்னாளில் ஸ்டெஃபான் கிராப்பெல்லி, ஹெர்பி ஹான்காக் என்ற பெரிய ஜாஸ்காரர்களோடு வாசித்த எல். சுப்பிரமணியம் அவருடைய அண்ணன். அவரும் சிறு வயதில் இங்கேதான். அப்பா வி. லட்சுமிநாராயணா இந்த ஊரில் இசை கற்பித்துக்கொண்டிருந்தார். ஒரே வீட்டில் இருந்து இரண்டு வயலின்கள் ஜாஸ் மேடைக்குப் போயிருக்கின்றன. அந்த ஊரின் காது எப்படிப்பட்டது என்று கேட்டுவிட்டு வரலாம் என்றுதான் புறப்பட்டேன். வந்து இறங்கினால் கையில் ஊமை சாக்ஸபோன்.

நல்லூர் பக்கம் அறை. இடியப்பம், சொதி, சம்பல். மற்றதை நாளை பார்க்கலாம்.

இரண்டாம் நாள்

விடிய நாலு மணிக்குச் சங்கும் சேமக்கலமும். திருவெம்பாவைக் காலம், தெருத்தெருவாகப் பாடிக்கொண்டு போகிறார்கள். தூக்கம் போனது பற்றிக் குறையில்லை. சேமக்கலம் எந்த இடைவெளியில் விழுகிறது என்று எண்ணிக்கொண்டு படுத்திருந்தேன். பிடிபடவில்லை. நடக்கிறவரின் கால்தான் அதற்குத் தாளம் போலிருக்கிறது.

சாக்ஸபோன் பழுதுபார்க்கிறவர் இங்கே யார்? ஓட்டோ அண்ணையிடம் கேட்டேன். வண்டியை நிறுத்தி, இறங்கி, கம்பியை ஒரு நிமிடம் பார்த்தார். "இது பித்தளையெல்லோ. நகை வேலை செய்யிற ஆக்களிட்டைக் காட்டுவம்." நேராகக் கன்னாதிட்டி. நகைக்கடைகளின் தெரு அது. ஒரு கடைக்குப் பின்னால், ஆறடிக்கு நாலடி அறையில் ஒரு பெரியவர் தோட்டுக்குத் திருகு கடைந்துகொண்டிருந்தார்.

அவர் செய்ததை அப்படியே எழுதி வைக்க வேண்டும். வாத்தியத்தை மடியில் போடவில்லை. ஒரு தலையணையைக் கேட்டு வாங்கி அதில் படுக்க வைத்தார். கண்ணில் பூதக்கண்ணாடி. எந்த விசையை அழுத்தினால் எது திறக்கிறது என்று முதலில் என்னை அழுத்தச் சொல்லிப் பார்த்தார், ஒன்று விடாமல், கிட்டத்தட்ட கால் மணி நேரம். பிறகு குறட்டின் வாயில் ஆட்டுத்தோல் துண்டு ஒன்றைச் சுற்றி, கம்பியைப் பிடித்து, நெளித்தாரா என்றே தெரியாத அளவுக்கு ஒரு நெளி. மூடிக்கும் துளைக்கும் நடுவில் பீடித்தாள் மாதிரி மெல்லிய தாள் ஒன்றை வைத்து மூடி, தாளை இழுத்தார். வழுக்கிக்கொண்டு வந்தது. இன்னொரு நெளி. இப்போது தாள் பிடித்தது. "ஊதுங்கோ."

ஊதினேன். கீழ் ஸ்தாயி முழுசாக வந்தது. பெரம்பூரில் எனக்குச் சொல்லிக்கொடுத்த ஆங்கிலோ இந்திய சார் இதே தாள் சோதனையைச் செய்வார், சிகரெட் தாளில். இவரிடம் சொன்னேன். "காத்து ஒழுகுதோ எண்டு பாக்க வேற என்ன வழி இருக்கு?" என்றார். காசு வாங்கவில்லை. "இது ஒரு வேலையே, போட்டு வாங்கோ."

மத்தியானம் மருதனார்மடம். இராமநாதன் நுண்கலைக்கழகத்தின் வாசலில் நின்றபோது லட்சுமிநாராயணா இங்கேதான் கற்பித்திருப்பார் என்று ஒரு நிமிடம் நினைத்துவிட்டேன். கணக்கு உதைத்தது. இது தொடங்கியது 1960இல். பாடகர் மகாராஜபுரம் சந்தானம் வந்து முதல்வராக இருந்த இடம். வயலின் குடும்பமோ அதற்கு முன்பே ஊரை விட்டுப் போய்விட்டது. 1958இல் இலங்கையில் தமிழருக்கு எதிராக நடந்த கலவரத்துக்குப் பிறகு அவர்கள் சென்னைக்குத் திரும்பினார்கள். சங்கருக்கு அப்போது எட்டு வயது.

அந்த 1958 ஒரு விசித்திரமான வருடம். அதன் முற்பகுதியில்தான் ஜாஸ் பியானோக்காரர் டேவ் புரூபெக்கின் நால்வர் குழுவை அமெரிக்க அரசு ஆசியா முழுக்கச் சுற்ற அனுப்பியது. இந்தியா, அப்புறம் இலங்கை. அவர்கள் இந்தத் தீவில் வாசித்துவிட்டுப் போன சில வாரங்களில், மே மாதக் கடைசியில், கலவரம். ஜாஸ் ஒரு பக்கம் வந்து போயிற்று. பின்னாளில் ஜாஸுக்குள் போகப்போகிற பையன்கள் இன்னொரு பக்கம் கப்பலோ விமானமோ ஏறிப் போனார்கள். இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இருந்தாலும் அந்த வாசலில் நின்றபோது ஒன்றை விட்டு ஒன்றை நினைக்க முடியவில்லை.

வீட்டைத் தேடிப் போகவில்லை. தேடிக் கண்டுபிடித்துச் சுவரைப் படம் எடுத்து என்ன செய்வது?

மூன்றாம் நாள்

இணுவில். காங்கேசன்துறை வீதியில் கொக்குவில் தாண்டியதும் வருகிற ஊர். நாதஸ்வரமும் தவிலும் தலைமுறை தலைமுறையாக இருக்கிற இடம். தவில் என்றால் இன்றைக்கும் முதலில் வாயில் வருகிற யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தியின் குடும்பமும் இந்த ஊர்தான். ஓட்டோ அண்ணையின் உறவில் ஒருவர் நாதஸ்வரம் வாசிக்கிறவர். வயது எழுபத்தாறு. பேரைப் போட வேண்டாம் என்றார். ஐயா என்றே எழுதுகிறேன்.

விறாந்தையில் பாய் விரித்து, பிளேன்ரீயும் பனங்கட்டியும் வைத்த பிறகு, "சரி, எடுங்கோ உங்கட சாமானை" என்றார். மவுத்பீஸைக் கழற்றிக் கையில் கொடுத்தேன். ரீடை நகத்தால் தடவிப் பார்த்தார். "ஒத்தைச் சீவாளி!" பேத்தியைக் கூப்பிட்டுக் காட்டினார். அவருடைய நாதஸ்வரத்தின் கழுத்தில் நூலில் கட்டிய மாற்றுச் சீவாளிகள், பக்கத்திலேயே அவற்றின் வாயைத் திறக்கிற ஊசி. இரண்டு இதழ்களும் ஒன்றை ஒன்று பார்த்து நடுங்கினால்தான் சத்தம். என்னுடையதில் ஓர் இதழ்தான். அது மவுத்பீஸின் எபோனைட் மேல் நடுங்குகிறது. இரண்டும் நாணல் சாதி. "சீவாளி திருவாவடுதுறையில இருந்து வரோணும். உங்களுக்கு எங்க இருந்து?" பிரான்சில் இருந்து என்றேன். "அப்ப எனக்குத்தான் கிட்ட."

அடுத்த பிரச்சினை சுருதி என்று நினைத்தேன். பொதுவாக இதில்தான் எல்லாம் கெடும். அவர் வாசிப்பது பாரி நாயனம் என்கிற நீள நாதஸ்வரம், சுருதி இரண்டரைக் கட்டை. இரண்டரைக் கட்டை என்றால் மேற்கத்திய கணக்கில் ஈ ஃபிளாட். ஆல்டோ சாக்ஸபோனும் ஈ ஃபிளாட் வாத்தியம்: நான் சி என்று பிடித்தால் கேட்பது ஈ ஃபிளாட். அதாவது எனக்கு ஆகச் சுலபமான, முதல் நாள் பாடத்தில் கற்ற விரலடைப்பு அவருடைய ஷட்ஜம். இதை இவ்வளவு வருடத்தில் நான் ஒரு முறைகூட யோசித்ததில்லை. சுருதிப்பெட்டியைப் போட்டார், நான் பிடித்தேன், ஒட்டிக்கொண்டது.

மோகனம் வாசித்தார். நான் பின்னால் போனேன். ஸ்வரம் எல்லாம் சரிதான், ஆனால் மோகனம் இல்லை. நாதஸ்வரத்தில் ஏழு திறந்த துளை. விரல் பாதி மூடும், கால் மூடும், உருளும். என் வாத்தியத்தில் விரலுக்கும் துளைக்கும் நடுவில் மூடியும் கம்பியும் இருக்கின்றன. திறப்பு, அல்லது மூடல். நடுவில் உள்ளதை எல்லாம் உதட்டால், தாடையால் செய்ய வேண்டும். மங்களூர்ப் பக்கத்து நாதஸ்வரக் குடும்பத்தில் பிறந்த கத்ரி கோபால்நாத் இதைச் சாதிக்க எத்தனை வருடம் உழைத்திருப்பார் என்று அப்போது உறைத்தது. 1994இல் லண்டனில் பிபிசியின் பிராம்ஸ் இசை விழா மேடையில் ஏறியவர். பின்னால் அமெரிக்காவில் ருத்ரேஷ் மகந்தப்பா என்ற ஜாஸ் சாக்ஸபோன்காரர் அவரோடு சேர்ந்து தட்டுப் போட்டார். ஒரே வாத்தியம், இரண்டு பாஷை.

எதிர்ப்பக்கத்தில் இருந்து வந்தவரும் உண்டு. சார்லி மரியானோ, அமெரிக்க ஜாஸில் பெரிய ஆல்டோ. 1960களில் மலேசியாவுக்கு வேலைக்குப் போன இடத்தில் நாதஸ்வரம் கேட்டு, மயங்கி, உட்கார்ந்து கற்றுக்கொண்டார். பிறகு தென்னிந்தியாவுக்கும் வந்தார். தன் தட்டுகளில் நாதஸ்வரம் வாசித்தார். ஐயாவுக்கு இது புதுச் செய்தி. "வெள்ளைக்காரன் சீவாளி கடிச்சவனோ!" என்று இரண்டு தரம் சொல்லிச் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார், அதுதான் இன்றைக்கு முக்கியம்: "அப்ப எங்கட ஆக்கள் ஆராவது அவையின்ரைதைப் படிச்சவையோ?"

நல்ல கேள்வி. சங்கர், சுப்பிரமணியம் என்று சிலரைச் சொன்னேன். மக்லாக்லின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றார், ஜாஸ் சாக்ஸபோன்காரர் கோல்ட்ரேன் சிதார் ரவிசங்கரின் மேல் இருந்த பிரியத்தில் மகனுக்கு ரவி என்று பேர் வைத்தார் என்று அந்தப் பக்கத்துக் கதை எனக்கு நிறையத் தெரிகிறது. இந்தப் பக்கத்துக் கதையில் விரல் நிற்கிறது. பரிமாற்றம் என்று எல்லோரும் சொல்கிறோம். பெரும்பாலும் அவர்கள் நடந்து வந்தார்கள், நாம் திண்ணையில் உட்கார்ந்தபடி வரவேற்றோம்.

"அவையின்ரை கஷ்டம் என்ன? அதைச் சொல்லுங்கோ" என்றார். ஜாஸ் டிரம்பெட்காரர் மைல்ஸ் டேவிஸ் 1959இல் போட்ட தட்டின் முதல் உருப்படியைக் கைபேசியில் போட்டேன். கேட்டவுடன், "கரகரப்பிரியா மாதிரிக் கிடக்கு." ஆமாம், ஆதி தாளம் எட்டு ஆவர்த்தனத்துக்குக் கரகரப்ரியாவின் ஸ்வரங்கள்தான். அப்புறம் நாலு ஆவர்த்தனத்துக்கு எல்லாமே அரை ஸ்வரம் மேலே. பிறகு பழைய இடம். மேலே ஏறிய நொடியில் ஐயா முகத்தைச் சுளித்தார், உப்பில் கல் கடித்த மாதிரி. "சுருதியை ஆர் மாத்தினது?"

மாற்றினார்கள் ஐயா, வேண்டுமென்றே.

"சுருதி மாதா எண்டல்லோ சொல்லுறது. மாதாவை மாத்துவினமோ?"

மழை இருட்டிக்கொண்டு வந்தது. புறப்பட்டுவிட்டேன். அந்தக் கேள்விக்குப் பதில் என்னிடம் இல்லை.

நான்காம் நாள்

காலையில் இருந்து மழை. ஐயாவின் மச்சான் முறையானவர் தவில்காரர், அளவெட்டியில் இருக்கிறார். நாதஸ்வர மேதை என்.கே. பத்மநாதனின் ஊர். நனைந்துகொண்டு போய்ச் சேர்ந்தோம்.

அவர் வலது கையில் கூடு மாட்டிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு விரலுக்கும் துணி நாடாவில் பசை பூசிச் சுற்றிக் காயவைத்த தொப்பி, மரம் மாதிரி கெட்டி. மழை ஈரத்தில் ஒன்று இளகிவிட்டது என்று அடுப்பங்கரையில் காயப் போட்டிருந்தார். இடது கையில் கழி. அறைக்குள் தவில் அடித்தால் என்ன ஆகும் என்று தெரியாதவர்கள் நான் சொல்லிப் புரிந்துகொள்ள முடியாது. ஜன்னல் கண்ணாடி தாளம் போட்டது.

சக்தியின் அந்த முதல் தட்டைக் கேட்கவைத்தேன். தட்சிணாமூர்த்தி மறைந்ததும் 1975தான், அது பதிவானதும் 1975தான் என்றேன். தலையை ஆட்டினார், ஒன்றும் சொல்லவில்லை. கேட்கக் கேட்க விரல் மட்டும் தொடையில் போய்க்கொண்டிருந்தது. ஒரு கோர்வை முடியும் இடத்தை அது வருவதற்கு ரொம்ப முன்னாலேயே கண்டுபிடித்து, "இப்ப விழும் பாருங்கோ" என்று விரலை உயர்த்தினார். விழுந்தது. "வெள்ளைக்காரப் பெடியன் வடிவாக் கணக்குப் பாத்திருக்கிறான்." மக்லாக்லினுக்கு எண்பது வயது தாண்டிவிட்டது, பெடியன் என்று யாரோ சொன்னது அவர் காதுக்கு எட்டினால் சந்தோஷப்படுவார்.

புரூபெக் குழுவின் ஐந்து அடி உருப்படியையும் போட்டேன், 1959இல் வந்தது. இரண்டு சுற்றுக் கேட்டுவிட்டு, "கண்ட சாப்பைத் திருப்பிப் போட்டிருக்கினம்" என்றார். உண்மை. நமக்குக் கண்ட சாப்பு இரண்டும் மூன்றும். அவர்களுக்கு மூன்றும் இரண்டும். ஜாஸின் ஸ்விங் நடை என்றால் என்ன என்று விளக்க மணிக்கணக்கில் தயாரித்துக்கொண்டு போயிருந்தேன். தகிட தகிட என்று சொல்லி, நடு எழுத்தை விழுங்கச் சொன்னேன்: த, ட, த, ட. அவ்வளவுதான். "உது திஸ்ரம்தானே, கொஞ்சம் நொண்டிக்கொண்டு." வேகம் கூடினால் நொண்டல் குறையும், குறைந்தால் கூடும் என்றேன். அதையும் செய்து காட்டினார்.

லயத்தில் பிரச்சினையே இல்லை. யாருக்கும் இருந்ததும் இல்லை. அதனால்தான் ஃப்யூஷன் என்று நம் ஊரில் நடக்கிற கச்சேரிகள் எல்லாம் கடைசியில் டிரம்ஸுக்கும் கடத்துக்கும் சண்டை மூட்டிவிட்டு, மூன்று தரம் ததிங்கிணதொம் அடித்து, கைதட்டு வாங்கி முடிகின்றன. எனக்கு அது அலுத்துப்போய் ரொம்ப நாளாயிற்று. எண்ணிக்கை ஒத்துப்போவதால் சங்கீதம் ஒத்துப்போய்விட்டது என்று ஆகாது. சக்தி நிலைத்தது மக்லாக்லின் வேகமாக எண்ணினார் என்பதால் இல்லை. நகர்கிற கார்டுகளை, ஒரே நேரத்தில் ஒலிக்கிற ஸ்வரக் கூட்டுகளை, அவர் வீட்டில் விட்டுவிட்டு வந்தார். கிட்டாரின் ஆறு தந்திக்குக் கீழே குறுக்காக இன்னும் ஏழு தந்தி பூட்டி, சுருதியைக் கூடவே ஒலிக்கவிட்டார். தன் வீட்டுத் தரையைக் கழற்றிவிட்டு நம் தரையில் வந்து நின்றார் என்று சொல்லலாம். அவர் செய்தது சரி. ஆனால் ஐயா கேட்டது வேறு கேள்வி. அவர்கள் தரை நகரும்போது நாம் அதில் நின்று பார்த்திருக்கிறோமா?

திரும்பும் வழியில் சுன்னாகத்தில் நின்று பனங்கிழங்கு வாங்கினோம். ஐயாவின் கேள்வி விடவில்லை. அறையில் உட்கார்ந்து, கறுப்பின அமெரிக்கர்களின் பாட்டு வடிவமான பன்னிரண்டு பார் ப்ளூஸைத் தாளில் கட்டம் போட்டேன். ஒரு பாருக்கு நாலு அடி, மொத்தம் 48. எட்டு அடி ஆதி தாளத்தில் சரியாக 6 ஆவர்த்தனம். இது எனக்குத் தெரியும். கட்டங்களுக்குள் கட்டை எழுதிப் பார்த்தபோதுதான் தூக்கம் போயிற்று.

ஐந்தாம் நாள்

ஒன்பது மணிக்கே இணுவில். மழை விட்டிருந்தது. தவில்காரரும் வந்துவிட்டார், வெயிலில் கூட்டைக் காயவைத்தபடி.

தாளை ஐயாவிடம் கொடுத்தேன். ப்ளூஸின் பாதை இதுதான். முதல் இரண்டு ஆவர்த்தனம் ஷட்ஜத்தில் நில்லுங்கள். மூன்றாவது ஆவர்த்தனம் தரை, அதாவது ஆதார சுருதி, மத்தியமத்துக்குப் போகும். நாலாவது திரும்ப ஷட்ஜம். ஐந்தாவதில் இலகுவின் நாலு அடிக்குப் பஞ்சமம், இரண்டு துருதத்தின் மீதி நாலு அடிக்கு மத்தியமம். ஆறாவது வீட்டுக்கு வந்துவிடும்.

கண்ணாடியை மூக்கில் இறக்கி ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, "மத்திமச்சுருதி!" என்றார். "புன்னாகவராளிக்குப் போடுவமே, அது. உதில ஒரு ஆவர்த்தனத்துக்குப் போட்டு வாறியள், அவ்வளவுதானே?"

இரண்டு நாளாக நான் தேடிக்கொண்டிருந்த சொல் அவர் வாயில் இருந்தது. நம்மிடமும் தரை நகர்ந்திருக்கிறது. ஒரு உருப்படி முழுக்க அங்கேயே இருந்துவிடுவோம், நடுவில் போய் வர மாட்டோம். வித்தியாசம் அதுதான்.

சுருதிக்கு என்ன செய்வது? பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிற பேத்தி தீர்த்துவைத்தாள். மூன்று கைபேசி: அவளுடையது, அம்மாவுடையது, என்னுடையது. மூன்றிலும் சுருதி செயலி. ஒன்றில் இரண்டரைக் கட்டை, ஒன்றில் மத்தியமத்துக்கு ஐந்தரை, ஒன்றில் பஞ்சமத்துக்கு ஆறரை. பாயில் வரிசையாக வைத்து, தாளைப் பார்த்து ஒன்றை அமர்த்தி மற்றதைத் தட்ட வேண்டும். கோவிலில் எந்நேரமும் ஒரே சுருதி பிடித்துக்கொண்டு நிற்கிற ஒத்துக்காரருக்கு இப்படி ஒரு வேலை வந்திருந்தால் ஒத்தைக் கீழே வைத்துவிட்டுப் போயிருப்பார்.

ராகம் சுத்த தன்யாசி. ப்ளூஸ்காரர்கள் ஓயாமல் புழங்குகிற ஐந்து ஸ்வரமும் அதுதான்: ச க ம ப நி. தவில் நொண்டித் திஸ்ரத்தில் மெல்ல ஆரம்பித்தது, கழியால் அல்ல, விரலால் மட்டும். இரண்டு ஆவர்த்தனம் ஐயா சுகமாகப் போனார். காந்தாரத்தை அவர் அசைத்த அசைவில் அது சாதாரணத்துக்கும் அந்தரத்துக்கும் நடுவில் எங்கோ தொங்கியது. நீக்ரோ பாட்டுக்காரர்கள் என்று எங்கள் சார் அந்தக் காலத்துப் பேச்சில் சொல்லி உருகுவாரே, மிசிசிப்பிப் பக்கத்துக் கறுப்பினப் பாடகர்கள், அவர்கள் வளைத்து வைக்கிற இடம் அது. நான் முப்பது வருடமாக உதட்டால் தேடுகிற இடம். மூன்றாவது ஆவர்த்தனம், பேத்தி ஐந்தரையைத் தட்டினாள். ஐயா நிறுத்திவிட்டார்.

"ஷட்ஜத்தை அங்க கொண்டுபோய் வைக்கவோ, இஞ்சயே வைக்கவோ?"

இங்கேயே. நீங்கள் நகர வேண்டாம், அதே ஐந்து ஸ்வரம், தரைதான் நகரும் என்றேன்.

மறுபடி. இந்தத் தடவை ஐந்தரைக்குப் போனதும் அவர் நிறுத்தவில்லை. ஆனால் புருவம் ஏறியது. ஆவர்த்தனம் முடிகிற வரைக்கும் ஊதிவிட்டு வாத்தியத்தை இறக்கினார். சிரிப்பை அடக்க முடியவில்லை. "பிள்ளை, உதிலயே வை, உதிலயே வை." ஐந்தரைச் சுருதியைத் தொடர்ந்து ஓடவிட்டு அதே ஐந்து ஸ்வரத்தை மெதுவாக ஊதினார். "விளங்குதே? இது மத்தியமாவதி."

எனக்கு ஒரு நொடி பிடித்தது. ஆமாம். மத்தியமத்தை ஆதாரமாக வைத்தால் சுத்த தன்யாசியின் ஸ்வரங்கள் மத்தியமாவதி. கிரகபேதம். பஞ்சமத்தில் வைத்தால்? ஆறரையைத் தட்டச் சொன்னார். ஊதினார். இந்தோளம்.

கிரகபேதம் நமக்குப் புதிதா என்ன? ஆலாபனையில் வித்வான் ஒரு நிமிடம் காட்டிவிட்டு, சபை ஆகா என்றதும் திரும்பிவிடுவார். சுருதிப்பெட்டி மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். பாடகர் நகர்வார், தரை நிற்கும். ப்ளூஸில் பாடகர் நிற்கிறார், தரை நகர்கிறது. ஆறு ஆவர்த்தனத்துக்குள் சுத்த தன்யாசி, மத்தியமாவதி, இந்தோளம் மூன்றும் வந்து போகின்றன, வாசிக்கிறவர் ஓர் அடி எடுத்து வைக்காமல். எந்த ஜாஸ் புத்தகமும் எனக்கு இதை இப்படிச் சொன்னதில்லை.

"மத்தியமாவதி வந்திட்டுதே, மங்களம் வாசிச்சுப்போட்டு எழும்புவமோ?" என்றார் தவில்காரர். நல்ல வேளை, யாரும் எழும்பவில்லை. பத்து மணியில் இருந்து ஒன்றரை வரைக்கும் சுற்றிச் சுற்றி வந்தோம். பேத்தி எட்டுத் தடவை பிந்தித் தட்டினாள், இரண்டு தடவை தப்பான கைபேசியைத் தட்டினாள், ஒரு தடவை அம்மாவுக்கு யாரோ அழைப்பு எடுத்து மத்தியமச் சுருதிக்கு நடுவில் சினிமாப் பாட்டு அலறியது. நான் பெரும்பாலும் கீழே நீள ஸ்வரம் பிடித்து நின்றேன். இடம் கிடைத்தபோது ஊதினேன். நன்றாக இருந்ததா? முதல் மணி நேரம் இல்லை. ஐயாவுக்குப் பஞ்சமத்தில் இருந்து மத்தியமத்துக்கு இறங்குகிற அந்த ஐந்தாவது ஆவர்த்தனம் கடைசி வரைக்கும் இடித்தது. "இலகுக்கும் துருதத்துக்கும் இடையில கால் வைக்க இடமில்லை" என்றார். எனக்கும் பதினேழு வயதில் அங்கேதான் இடித்தது.

மத்தியானம் சோறு, கத்தரிக்காய்ப் பால்கறி, அப்பளம். நாதஸ்வரத்தைத் துடைத்து உறையில் போடும்போது, "கோயிலில உதை வாசிக்கேலாது" என்றார். ஏன் சொல்கிறார் என்று புரியாமல், வேண்டாம் ஐயா என்றேன். "வாசிக்கேலாது" என்று மறுபடி சொன்னார், தனக்கே சொல்வது மாதிரி. புறப்படும்போது என்னிடம் இருந்த புது ரீட் ஒன்றைக் கொடுத்தேன். அவர் பழைய சீவாளி ஒன்றை நூலோடு அவிழ்த்துத் தந்தார்.

அடுத்த நாள் காலை, பலாலி

அதே சுங்க அதிகாரி. "இப்ப எப்பிடி, வருதோ?" வருகிறது என்றேன். இந்தத் தடவை பெட்டிக்குள் இரண்டு சாரமும் ஒரு துவாயும் அடைத்திருக்கிறேன்.

விமானத்துக்குக் காத்திருக்கும்போது பேத்தியின் கைபேசியில் இருந்து ஒரு குரல் பதிவு வந்தது. காலை ஆறேகாலுக்குப் பதிவானது. தவில் இல்லை, தொடையில் கை போடுகிற சத்தம் மட்டும். நாதஸ்வரம் சுத்த தன்யாசியில் ஆரம்பித்து, ஐந்தரைக்குப் போய், திரும்பி, ஐந்தாவது ஆவர்த்தனத்துக்கு வருகிறது. நான் விரல் விட்டு எண்ணுகிறேன். பஞ்சமம், ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. சுருதி மாறவில்லை. ஓர் அடி கழித்துத்தான் மாறுகிறது. நாதஸ்வரம் சட்டென்று நிற்கிறது, கொஞ்சம் மூச்சு, பிறகு ஐயாவின் குரல்:

"பிந்திப் போட்டாய் பிள்ளை. நான் அங்க போய் நிண்டுகொண்டிருக்கிறன். திரும்ப எடு."